ஒலிநாடாவும் மூலபாடமும்: வாய்மொழிப் பனுவலாக்கம் பற்றிய ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கும் அறிஞர், சுவடி கிடைத்த இடம், ஏடுகளின் எண்ணிக்கை, சிதைவின் அளவு, பிற சுவடிகளோடு ஒப்பிடுகையில் காணப்படும் பாடவேறுபாடு ஆகியவற்றைப் பதிப்புரையில் குறிப்பிடுவது மரபு. சி. வை. தாமோதரம் பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஆகியோர் காலந்தொட்டு இம்மரபு தமிழில் வேரூன்றியுள்ளது. ஆனால், ஒலிநாடாவிலிருந்து எழுதியெடுத்துப் பதிப்பிக்கப்படும் வாய்மொழிப் பனுவல்களில் இதற்கு இணையான குறிப்பு அரிதாகவே இடம்பெறுகிறது. ‘ஒலிப்பதிவு செய்யப்பட்டது’ என்னும் ஒரு தொடருடன் பதிப்புரை நின்றுவிடுகிறது. பதிவு எவ்வகைக் கருவியில் செய்யப்பட்டது, எவ்வளவு நேரம் நீடித்தது, எங்கெங்கு நாடா மாற்றப்பட்டது, யார் எதிரில் இருந்தனர், நாடா இப்போது எங்குள்ளது என்பன போன்ற செய்திகள் வாசகருக்குக் கிடைப்பதில்லை.

இதற்குக் காரணம் ஒன்று உண்டு. சுவடியை எழுதியவன் மனிதன். அவன் பிழை செய்வான். ஒலிப்பதிவுக் கருவியோ இயந்திரம். அது கேட்டதைக் கேட்டவாறே பதியும். இந்நம்பிக்கையே பதிவுக்கருவியைப் பற்றிய திறனாய்வுக்கு இடமில்லாமல் செய்துள்ளது. இந்நம்பிக்கை எந்த அளவுக்கு ஏற்புடையது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். ஒலிப்பதிவுத் தொழில்நுட்பத்தின் ஒவ்வொரு கட்டமும் ‘பனுவல்’ என்பதன் அளவையும் வடிவையும் எவ்வாறு தீர்மானித்தது என்பதும், அதனால் மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் விளைந்த சிக்கல்கள் எவை என்பதும் இந்தியச் சான்றுகளின் அடிப்படையில் இங்கு மதிப்பிடப்படுகின்றன.

2. கருவியின் கால அளவும் பனுவலின் அளவும்

எடிசனின் ஃபோனோகிராப் 1877இல் உருவானது. ஈயத்தாளில் தொடங்கிய பதிவு பின்னர் மெழுகு உருளைக்கு மாறியது. 1887இல் பெர்லினர் தட்டையான இசைத்தட்டுக்கு வழிவகுத்தார். 1890இல் அமெரிக்க ஆய்வாளர் ஜெசி வால்டர் ஃபியூக்ஸ், மெய்ன் மாநிலத்தின் பாசமாக்குவாடி மக்களிடம் மெழுகு உருளையில் பதிவுகள் செய்தார். களப்பணியில் இக்கருவி பயன்பட்ட முதல் நிகழ்வாக இது கருதப்படுகிறது. 1899இல் வியன்னாவிலும் 1900இல் பெர்லினிலும் ஒலிக்காப்பகங்கள் தோன்றின. ஆய்வுக்குரிய பொருளாகப் பேச்சொலி சேமித்து வைக்கத்தக்கது என்னும் எண்ணம் இவற்றால் உறுதிப்பட்டது.

இக்கருவிகள் அனைத்துக்கும் பொதுவான எல்லை நேரம். உருளையொன்று இரண்டு முதல் நான்கு நிமிடங்கள் வரை கொள்ளும்; பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய பாடல்கள் இந்த அளவுக்குள் அடக்கப்பட்டவையே. விரிவாகப் பாடப்படும் இராகம் மூன்று நிமிடத்திற்குச் சுருங்கியதை இசை வரலாற்றாசிரியர் பலரும் சுட்டியுள்ளனர். ஆனால், கதை, உரையாடல், வழிபாட்டுப் பாடல் ஆகியவையும் அவ்வாறே சுருங்கின என்பது மொழியியலில் போதிய கவனம் பெறவில்லை. மூன்று நிமிடத்தில் அடங்குவதே பதிவுக்கு உரியது என்றாகிவிட்டால், நீண்ட கதைப்பாடல் பதிவுக்கு அப்பாற்பட்டதாகிவிடுகிறது. அதன் பகுதியொன்றே அதன் ‘மாதிரி’ என்று கொள்ளப்படுகிறது.

இந்த எல்லையைக் கடக்கச் செய்யப்பட்ட முயற்சிகளுள் மில்மன் பாரி 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் செய்த பதிவுகள் தலையாயவை. இரண்டு சுழல்தட்டுகளை மாறிமாறி இயக்கி, ஒன்று நிறைந்ததும் மற்றொன்றில் தொடருமாறு அமைந்த கருவியால், பாடகர் இடையில் நிறுத்தாமல் பாடுவதை அலுமினியத் தட்டுகளில் அவர் பதிந்தார். வாய்மொழிக் காவியம் மனப்பாடமாக ஒப்பிக்கப்படுவதன்று, பாடுகையிலேயே இயற்றப்படுவது என்னும் கொள்கை இப்பதிவுகளின் மீது எழுந்தது. பாரியின் மாணவர் ஆல்பர்ட் லார்டு அதனை 1960இல் நூலாக விரித்துரைத்தார். ஒரு தொழில்நுட்ப ஏற்பாடு ஒரு கொள்கைக்கு வழிவகுத்ததற்கு இது தக்க சான்று.

காந்தநாடாவின் வரலாறு தனியானது. 1898இல் பௌல்சன் எஃகுக் கம்பியில் காந்தப்பதிவு செய்தார். 1928இல் ஃப்ரிட்ஸ் ப்ளூமர் காந்தத்துகள் பூசிய நாடாவை உருவாக்கினார். 1935இல் ஜெர்மனியின் ஏஇஜி நிறுவனம் மேக்னடோஃபோன் கருவியைப் பெர்லினில் காட்சிக்கு வைத்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் இத்தொழில்நுட்பம் உலகெங்கும் பரவியது. 1950களில் தோளில் சுமந்து செல்லத்தக்க நாக்ரா போன்ற கருவிகளும், 1963இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் கேசட்டும் வந்தன. பதிவு மலிவானதும், நீண்டநேரப் பதிவு எளிதானதும், பதிந்ததை மீண்டும் மீண்டும் கேட்பது இயன்றதும் இக்கட்டத்தின் மூன்று பயன்கள். இவற்றுள் மூன்றாவதே மொழியாய்வுக்கு மிக முக்கியமானது. உரையாடலில் ஒருவர் பேச்சு எங்கு முடிகிறது, அடுத்தவர் எங்கு தொடங்குகிறார், இருவர் பேச்சும் எங்கு மேற்படிகின்றன என்பவற்றைச் சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் ஆகியோர் 1974இல் விதிகளாக வகுத்தனர். ஒரே நொடியைப் பலமுறை திருப்பிக் கேட்கும் வாய்ப்பு இல்லாவிடில் அவ்விதிகள் உருவாகியிரா.

3. இந்திய மொழிகளின் முதல் ஒலித்தட்டுகள்

இந்திய மொழிகளைப் பொறுத்தவரை, விரிந்த அளவில் செய்யப்பட்ட முதல் ஒலிப்பதிவு கிரியர்சனின் இந்திய மொழிகள் மதிப்பீட்டுப் பணியோடு தொடர்புடையது. இப்பணியின் தொகுதிகள் 1903 முதல் 1928 வரை வெளிவந்தன. இதன் துணைப்பணியாக 1913 முதல் 1929 வரை கிராமபோன் தட்டுகளில் மொழி மாதிரிகள் பதியப்பட்டன. மதிப்பீட்டின் நேரடிக் கணக்கெடுப்பில் சென்னை மாகாணம் சேர்க்கப்படவில்லை. எனினும், ஒலித்தட்டுப் பதிவில் அது இடம்பெற்றது. இப்பதிவுகள் இன்று இணையவழியே கேட்கக் கிடைக்கின்றன. நூறாண்டுக்கு முந்தைய பேச்சொலி கிடைத்திருப்பது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவற்றில் ஒலிப்பது எது என்னும் வினா எழுப்பப்பட வேண்டும்.

மதிப்பீட்டுக்கெனத் தெரிவுசெய்யப்பட்ட முதன்மைப் பனுவல் விவிலியத்தின் ஊதாரி மைந்தன் உவமைக் கதை. மூவிடப் பெயர்களும், பெரும்பாலான வேற்றுமைகளும், மூன்று காலங்களும் அதில் அமைந்துள்ளன என்பது தெரிவுக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. இந்தியரின் மனவுணர்வுகளுக்கு ஊறு நேராதவாறு அக்கதையின் சிற்சில சொற்கள் மாற்றப்பட்டன என்பதும் முன்னுரையில் கூறப்பட்டுள்ளது. அலுவலர்கள் வழியாக ஊர்தோறும் இக்கதை மொழிபெயர்க்கப்பட்டது. ஒலித்தட்டுகளிலும் இக்கதையே மிகுதியாக இடம்பெற்றது. எனவே, இந்திய மொழிகளின் முதற்பெரும் ஒலிக்களஞ்சியத்தின் பெரும்பகுதி மொழிபெயர்ப்புகளின் வாசிப்பு என்பது தெளிவாகிறது.

இதன் விளைவுகள் இரண்டு. முதலாவது, தொடரமைப்பு. மூலத்தில் வாக்கியங்கள் எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளனவோ அவ்வாறே இணைக்கும் போக்கு மொழிபெயர்ப்பில் இயல்பாக நேரும். வினையெச்சங்களைத் தொடுத்துக் கதை சொல்லும் திராவிட மொழிகளில், அவ்வினையெச்சச் சங்கிலி எவ்வளவு நீளும், எங்கு அறும் என்பதை அறிய மொழிபெயர்ப்பு வாசிப்பு போதிய சான்றாகாது. இரண்டாவது, பேச்சுநடை. முன்னரே எழுதப்பட்ட ஒன்றை ஒலிவாங்கும் கூம்பின் முன் உரக்கச் சொல்பவரின் குரலில் வழக்குமொழி உயர்வழக்கை நோக்கி நகர்கிறது. தமிழ் போன்று இரட்டைவழக்கு உடைய மொழிகளில் இந்நகர்வு மிகுதி. ஒலித்தட்டில் கேட்கும் உயர்வழக்குக் கூறுகளை அக்கால வட்டாரப் பேச்சின் கூறுகளாகக் கொள்ளுதல் பிழையாகும்.

இவ்வாறு கூறுவது அப்பதிவுகளின் பயனை மறுப்பதாகாது. ஒரே கதை பல மொழிகளில் கிடைப்பதால் ஒப்பீடு எளிதாகிறது. மொழிபெயர்ப்பு ஆய்வுக்கோ இதைவிடச் சிறந்த தரவு இல்லை. ஒரே மூலம் அண்மை மொழிகளில் எவ்வெவ்வாறு ஏற்கப்பட்டது, உறவுமுறைச் சொற்கள் எவ்வாறு தெரிவுசெய்யப்பட்டன, மைந்தன் தந்தையை ஒருமையில் அழைக்கிறானா பன்மையில் அழைக்கிறானா என்பன அனைத்தும் செவிவழியே அறியத்தக்கவை. எழுத்துச் சான்றாக அன்றி மொழிபெயர்ப்புச் சான்றாக அவற்றை அணுகும் ஆய்வுகள் பெருக வேண்டியுள்ளது.

4. சொல்லி எழுதுவித்தலும் பாடிப் பதிதலும்

கருவி இல்லாத களப்பணியின் உயர்ந்த எல்லையை எமனோவின் பணியில் காணலாம். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கிய அவர், நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்தார். 1944-46இல் வெளிவந்த கோத்தர் பனுவல்களும், 1971இல் வெளிவந்த தோடர் பாடல்களும் தகவலாளர் சொல்லச் சொல்லக் கையால் எழுதப்பட்டவை. ஒலியன்களை நுட்பமாக வேறுபடுத்தும் செவி, சொல்லை உருபன்களாகப் பிரிக்கும் பயிற்சி, ஐயம் நேர்ந்தவிடத்து உடனே கேட்டுத் தெளியும் வாய்ப்பு ஆகியவை இம்முறையின் வலிமை. எழுதுபவர் பொருள் விளங்காமல் எழுத முடியாது. ஆகவே, ஒலிநாடாவை ஊருக்குக் கொண்டுவந்து பின்னர் எழுத முயல்பவருக்கு நேரும் ‘விளங்காத பகுதி’ என்னும் இடர் இம்முறையில் குறைவு.

இழப்பு வேறிடத்தில் உள்ளது. எழுதுகோலின் விரைவுக்குச் சொல்பவர் தம் விரைவைக் குறைக்கிறார். மெதுவாகச் சொல்லும்போது புணர்ச்சி நெகிழ்கிறது. மீண்டும் சொல்லும்போது வாக்கியம் திருந்துகிறது. இடையில் கேட்பவர் எவரும் இல்லாததால் விளி குறைகிறது. பெறப்படுவது இலக்கணத் தெளிவுடைய பனுவல். ஆனால் அது நிகழ்த்துதலின் பதிவன்று.

இங்கு ஓர் எளிய முடிவுக்கு வருதல் கூடாது. சொல்லி எழுதுவிக்கப்பட்டது செயற்கை, நாடாவில் பதியப்பட்டது இயற்கை என்னும் பாகுபாடு சான்றுகளோடு பொருந்தவில்லை. பாரியின் தொகுப்பில் புகழ்பெற்றதும் 12,000 அடிகளுக்கு மேற்பட்டதுமான அவ்தோ மெஜெதோவிச்சின் திருமணக் காவியம், அக்கருவி கைவசம் இருந்தபோதே சொல்லி எழுதுவிக்கப்பட்டதாகும். பாடும் களைப்பும் அவையின் அவசரமும் இல்லாத நிலையில் பாடகர் தம் முழுத்திறனையும் வெளிப்படுத்துகிறார் என்பது லார்டின் கருத்து.

தமிழில் இச்சிக்கலுக்குரிய நல்ல சான்று அண்ணன்மார் கதையாகும். கொங்கு நாட்டில் பிரெண்டா பெக் 1965இல் ஒலிநாடாவில் பதிந்த இக்கதை, 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தால் தமிழ்ப் பனுவலும் ஆங்கில மொழிபெயர்ப்புமாக வெளியிடப்பட்டது. ஒரே கதைஞர் நாடாவுக்காக நிகழ்த்திய வடிவத்தையும், சொல்லி எழுதுவித்த வடிவத்தையும் 1982இல் வெளிவந்த தம் ஆய்வில் பெக் ஒப்பிட்டுள்ளார். ஒரே வாயிலிருந்து இரு மூலபாடங்கள் கிடைக்கும் இந்நிலை சுவடிப் பதிப்பில் நேராதது. இவ்விரண்டில் எது மூலம், எது வேறுபாடு என்று கேட்பது பொருந்தாது. இரண்டும் இருவேறு சூழல்களில் பிறந்த இரு பனுவல்கள். சூழலைக் கூறாமல் ஒன்றை மட்டும் பதிப்பித்தால் வாசகர் அதனையே கதை எனக் கொள்வர் என்பதே கவனிக்கத்தக்கது.

5. சிரி காவியம்: ஒரு மதிப்பீடு

பதிவுக்கருவியின் பங்கைத் தம் ஆய்வின் நடுப்பொருளாகவே கொண்ட அரிய முயற்சி, துளு மொழியின் சிரி காவியப் பதிப்பாகும். தென்கன்னட மாவட்டம் பெள்தங்கடி வட்டத்தைச் சேர்ந்த கோபால நாயக்கர் பாட, பின்லாந்து ஆய்வாளர் லவுரி ஹோங்கோ 1990 டிசம்பரில் இதனைப் பதிவுசெய்தார். பதிவு ஆறு நாட்கள் நடந்தது. எழுதியெடுத்தபோது 15,683 அடிகள் கிடைத்தன. சின்னப்ப கௌடா, அன்னெலி ஹோங்கோ, விவேக ராய் ஆகியோருடன் இணைந்து துளு மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைய 1998இல் ஹெல்சிங்கியில் வெளியிடப்பட்டது. பனுவலாக்கம் நிகழ்ந்த முறையை மட்டும் விளக்கும் தனித்தொகுதி ஒன்றும் அதே ஆண்டில் வந்தது.

இப்பதிப்பின் முதற்சிறப்பு ஒளிவின்மை. காவியம் எங்கு, எப்போது, யார் முன்னிலையில் பாடப்பட்டது, எவ்வாறு எழுதப்பட்டது, அடி எவ்வாறு பிரிக்கப்பட்டது என்பன அனைத்தும் வாசகர் முன் வைக்கப்படுகின்றன. பதிவு ஆய்வாளரின் வேண்டுகோளால் ஏற்பாடு செய்யப்பட்டது என்பதை மறைக்காமல் கூறி, அதனை ஒரு நெறியாகவே ஹோங்கோ நிலைநாட்டுகிறார். சிரி வழிபாட்டில் அருள்வந்த பெண்கள் பாத்திரங்களாகவே நின்று உரையாடிப் பாடுகின்றனர். நாற்று நடும் வயலில் பாட்தன என்னும் வடிவில் பகுதி பகுதியாகப் பாடப்படுகிறது. முழுக்கதை அவ்விடங்களில் ஒருசேர வெளிப்படுவதில்லை. பாடகரின் உள்ளத்தில் ‘மனப்பனுவல்’ ஒன்று உள்ளது, தக்க சூழல் அமைந்தால் அது முழுமையாக வெளிப்படும் என்பது ஹோங்கோவின் கொள்கை. அதே பாடகர் மங்களூர் வானொலிக்காக அரைமணி நேரத்திற்கும் குறைவாக அக்காவியத்தைச் சுருக்கிப் பாடியதையும் அவர் எடுத்துக்காட்டி, நீளம் பாடகரின் திறன் சார்ந்ததன்று, கிடைக்கும் நேரம் சார்ந்தது என நிறுவுகிறார்.

இக்கொள்கையின் வலிமையே அதன் எல்லையையும் காட்டுகிறது. வானொலியின் சில நிமிடங்கள் ஒரு வடிவத்தைத் தந்தன எனில், நேரவரம்பற்ற காந்தநாடா மற்றொரு வடிவத்தைத் தந்தது என்பதையும் ஏற்க வேண்டும். 15,683 அடிகள் என்பது காவியத்தின் அளவு என்பதினும் 1990ஆம் ஆண்டுப் பதிவுச் சூழலின் அளவு எனல் பொருந்தும். மனப்பனுவல் நீளமானது என்பதற்கு நீண்ட பதிவைச் சான்றாகக் காட்டுவதில் வட்டவாதத்தின் சாயல் உண்டு. சுருங்கிய வடிவம் வானொலியின் விளைவு என்றும், விரிந்த வடிவம் மட்டும் பாடகர் உள்ளத்தின் விளைவு என்றும் கொள்வதற்குத் தனிச்சான்று வேண்டும்.

மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. வழிபாட்டுக்களத்தில் பெண்களின் பல குரல்கள் ஒன்றையொன்று இடைமறித்தும் மேற்படிந்தும் ஒலிக்கின்றன. முழுக்காவியத்தின் பதிவிலோ ஒரு பாடகரின் குரலே பனுவலாகிறது. ஒலிவாங்கி ஒருவரை நோக்கி வைக்கப்படும்போது காவியம் ஒருவருடையதாகிவிடுகிறது. ஆசிரியன் என்னும் ஏட்டிலக்கியக் கருத்து வாய்மொழிக்குள் நுழைகிறது. ஹோங்கோ குழுவினர் வழிபாட்டு நிகழ்வுகளையும் தனியே ஆவணப்படுத்தியுள்ளனர். எனினும், அச்சில் ‘சிரி காவியம்’ என்னும் பெயரைப் பெற்றது ஒற்றைக்குரல் வடிவமே. மொழிபெயர்ப்பாளர் எடுத்தாளப்போவதும் அதனையே. இக்குறைகள் பேசப்பட இயல்வதற்குக் காரணம் பதிப்பாசிரியர்கள் எல்லாவற்றையும் வெளிப்படையாகக் கூறியிருப்பதே என்பதையும் உடன்கூற வேண்டும். எதையும் கூறாத பதிப்பைக் குறைகூறவும் வழியில்லை.

6. எழுத்தாக்கத்தில் நேரும் இழப்பு

ஒலிநாடா எவ்வளவு துல்லியமாக இருப்பினும் ஆய்வுலகில் வழங்குவது அதிலிருந்து எழுதப்பட்ட பனுவல்தான். எழுத்தாக்கம் என்பதே ஒரு கோட்பாட்டுச் செயல் என்று எலினோர் ஆக்ஸ் 1979இல் வாதிட்டார். எதை எழுதுவது, எதை விடுவது என்னும் தெரிவில் எழுதுபவரின் மொழிக்கொள்கை அடங்கியுள்ளது.

தமிழில் இத்தெரிவு எழுத்துமுறையிலேயே தொடங்குகிறது. ‘மரம்’ என எழுதப்படும் சொல்லின் ஈறு பேச்சில் மூக்கினச் சாயல் பெற்ற உயிராகவே ஒலிக்கிறது. அதற்குத் தனி எழுத்து இல்லை. ‘மரம்’ என எழுதினால் எழுத்துவழக்கு. ‘மரோ’ என எழுதினால் மூக்கொலி மறைகிறது. ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்பது நாடாவில் ‘வந்துகிட்ருக்கான்’, ‘வந்துட்ருக்கான்’, ‘வந்துக்கினுகிறான்’ என வட்டாரந்தோறும் வேறுபடும். எழுதுபவர் தம் வட்டாரத்தைச் சேராதவராயின் தமக்குப் பழகிய வடிவத்தையே கேட்டதாக எண்ணி எழுதிவிடுவதும் உண்டு.

இதனினும் பெரிய இழப்பு இரண்டு இடங்களில் நேர்கிறது. ஒன்று, ‘வந்து’, ‘அதாவது’, ‘என்னன்னா’, ‘பாத்துக்க’ போன்ற இடைச்சொற்கள். தயக்கம் எனக் கருதி இவை நீக்கப்படுகின்றன. ஆனால், ‘நான் வந்து சொன்னேன்’ என்னும் தொடரில் ‘வந்து’ வருகைப்பொருளில் உள்ளதா, பேச்சிடைநிரப்பியாக உள்ளதா என்பதை ஒலியழுத்தமும் இடைநிறுத்தமும் காட்டுமேயன்றி எழுத்து காட்டாது. நாடாவைக் கேளாத மொழிபெயர்ப்பாளர் வராத ஒருவரை வந்தவராக்கிவிடக்கூடும்.

மற்றொன்று, கேட்பவரின் ‘உம்’. தமிழ்நாட்டில் கதை கேட்பவர் உம் கொட்டவேண்டும் என்பது வழக்கம்; கொட்டாவிடில் சொல்பவர் நிறுத்திவிடுவார். இராஜஸ்தானத்திலும் இவ்வழக்கம் ஹுங்காரோ என்னும் பெயருடன் கதைசொல்லலின் இன்றியமையாத உறுப்பாக உள்ளது. நாடாவில் இவ்வொலி தெளிவாகவே பதிவாகிறது. அச்சேறிய தொகுப்புகளில் அது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. வாக்கியத்தின் எல்லை எது என்பதைக் கதைசொல்பவர் அந்த ‘உம்’ விழும் இடத்தைக் கொண்டே அமைக்கிறார் எனில், அதனை நீக்கியபின் இடப்படும் முற்றுப்புள்ளி பதிப்பாசிரியரின் கற்பனையேயாகும். இன்று பெருகிவரும் தானியங்கி எழுத்தாக்கச் செயலிகளும் தயக்கங்களையும் திரும்பக்கூறல்களையும் விடுத்துத் திருத்திய நடையைத் தரும் இயல்புடையன. மனித எழுத்தரின் பழைய பழக்கம் இயந்திரத்திலும் தொடர்கிறது.

7. ஒலிச்சான்றின் எல்லை

ஒலிப்பதிவு கேட்டதை முழுமையாகத் தருவதுமன்று. 1925இல் மின்முறைப் பதிவு வருமுன் கூம்பின் வழியே செய்யப்பட்ட பதிவுகள் தாழ்ந்த அதிர்வெண்களையும் உயர்ந்த அதிர்வெண்களையும் இழந்தவை. ‘ஸ்’ போன்ற உரசொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்சுக்கு மேல் அமைவதால், அக்காலத் தட்டுகளைக் கொண்டு சகர, ஸகர வேறுபாட்டை உறுதிசெய்வது இடர்மிக்கது. தட்டோ நாடாவோ உரிய விரைவில் சுழலாவிடில் குரலின் சுருதி மட்டுமன்றி உயிரொலிகளின் தன்மையும் மாறிவிடும். நொடிக்கு 19 செ.மீ. விரைவில் ஓடும் நாடாவினும் 4.76 செ.மீ. விரைவில் ஓடும் கேசட்டில் உயர்ந்த அதிர்வெண்களின் தெளிவு குறைவு.

களப்பணியாளர் பலர் கையாண்ட எளிய கேசட் கருவிகளில் ஒலியளவைத் தானே சீராக்கும் அமைப்பு இருந்தது. மெல்லிய குரலை அது உயர்த்தும். உரத்த குரலைத் தாழ்த்தும். பாடகர் குரலை அடக்கிச் சொன்ன இடமும் ஓங்கிச் சொன்ன இடமும் அப்பதிவில் ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கும். அழுத்தம் பற்றிய ஆய்வுக்கு அத்தகைய நாடா பயன்படாது. 1992இல் வந்த மினிடிஸ்க் போன்றவை செவிக்குப் புலப்படாதெனக் கருதிய ஒலிக்கூறுகளை நீக்கியே பதிந்தன. எனவே, கருவியின் வகையைக் குறிப்பிடாத ஒலியாய்வு சுவடியின் சிதைவைக் குறிப்பிடாத பதிப்புக்கு நிகரானது.

8. மொழிபெயர்ப்பாளரின் மூலம் எது?

அமெரிக்கப் பழங்குடி மொழிகளின் வாய்மொழி இலக்கியம் குறித்து எழுந்த விவாதம் இங்குப் பயன்தரும். டென்னிஸ் டெட்லாக் 1972இல் வெளியிட்ட ஸூனி கதைகளின் மொழிபெயர்ப்பில் ஒலிநாடாவில் கேட்கும் இடைநிறுத்தத்தை அடியின் எல்லையாகக் கொண்டார்; குரலின் ஏற்றத்தாழ்வை அச்செழுத்தின் அளவால் காட்டினார். டெல் ஹைம்ஸ், நாடா இல்லாத காலத்தில் சொல்லி எழுதுவிக்கப்பட்ட பனுவல்களிலும் இடைச்சொற்களும் திரும்பவரும் தொடரமைப்புகளும் அடிகளைக் காட்டுகின்றன என 1981இல் தொகுத்து வெளியிட்ட கட்டுரைகளில் நிறுவினார். ஒருவருக்குச் செவி மூலம்; மற்றவருக்கு இலக்கணம் மூலம்.

இந்தியச் சூழலில் இவ்விரண்டும் ஒன்றையொன்று தேவைப்படுத்துகின்றன. கதைசொல்பவர் வெற்றிலை மென்றதால் நேர்ந்த இடைநிறுத்தமும் பொருள்நோக்கில் செய்த இடைநிறுத்தமும் நாடாவில் ஒன்றுபோல் ஒலிக்கும், இலக்கணமே வேறுபடுத்தும். ‘போனானாம்’, ‘பார்த்தானாம்’ என ‘ஆம்’ ஈறு பெற்று வரும் கதைத்தொடர்களில் அவ்வீறு கேள்விப்பொருளில் வருகிறதா, ஏளனக்குறிப்பில் வருகிறதா என்பதை இலக்கணம் காட்டாது, குரலே காட்டும். ஆகவே, எழுத்தாக்கத்தை மட்டும் கையில் கொண்டு மொழிபெயர்ப்பவர் மூலத்தினின்று ஒருபடி விலகியே செயற்படுகிறார். அவருடைய மொழிபெயர்ப்பு ஒரு மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பாகிறது.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

(அ) பதிவுக்கருவி வாய்மொழிப் பனுவலின் வெறும் ஏற்புக்கலம் அன்று. பனுவலின் நீளம், குரல்களின் எண்ணிக்கை, நடை ஆகியவற்றைத் தீர்மானிப்பதில் அதற்குப் பங்குண்டு.

(ஆ) சொல்லி எழுதுவித்த பனுவலும் நாடாவில் பதிந்த பனுவலும் தரத்தில் உயர்வு தாழ்வு உடையனவல்ல, இருவேறு சான்றுகள். எதனைப் பதிப்பித்தாலும் அதன் சூழல் கூறப்பட வேண்டும்.

(இ) கேட்பவரின் மறுமொழி, இடைச்சொற்கள், இடைநிறுத்தம் ஆகியவை எழுத்தாக்கத்தில் காட்டப்பட வேண்டும். வாசகர் வசதிக்காகத் திருத்திய வடிவம் வேண்டுமெனில் அது இரண்டாம் பாடமாக அமையலாம்.

(ஈ) மொழிபெயர்ப்பாளர் ஒலிப்பதிவைக் கேட்டே பணியாற்ற வேண்டும். இயலாதபோது அதனைத் தம் முன்னுரையில் கூறுதல் வேண்டும்.

இவற்றை நிறைவேற்ற நாடாக்கள் எஞ்சியிருத்தல் இன்றியமையாதது. காந்தநாடாவின் பூச்சு உதிர்வதும் பசைத்தன்மை அடைவதும் ஒருபுறமிருக்க, அதனை இயக்கும் கருவிகளும் உதிரிப்பாகங்களும் மறைந்துவருகின்றன. யுனெஸ்கோவின் ‘அனைவருக்கும் தகவல்’ திட்டமும் பன்னாட்டு ஒலி, ஒளி ஆவணக்காப்பகச் சங்கமும் 2019இல் விடுத்த காந்தநாடா எச்சரிக்கை, இந்நாடாக்களை எண்முறைக்கு மாற்றுவதற்கான காலம் ஏறத்தாழ 2025உடன் முடிவடையக்கூடும் எனச் சுட்டியது. அந்த ஆண்டு வந்துவிட்டது. பல்கலைக்கழகத் துறைகளிலும் ஆய்வாளர் இல்லங்களிலும் பெயர்ச்சீட்டு உதிர்ந்த நிலையில் கிடக்கும் கேசட்டுகளில் இன்று உயிருடன் இல்லாத கதைஞர்களின் குரல்கள் உள்ளன. அவற்றிலிருந்து எழுதப்பட்ட பனுவல்கள் பட்டங்களுக்குப் பயன்பட்டு நூலகங்களில் இடம்பெற்றுவிட்டன. அப்பனுவல்களில் ஐயம் எழுமாயின் சென்று பார்ப்பதற்குரிய மூலச்சுவடி அந்த நாடாக்களே. சுவடி தேடி ஊர்ஊராக அலைந்த பதிப்பாசிரியரின் உழைப்பு அச்சேறிய ஏட்டைத் தூக்கியெறிய அனுமதிக்கவில்லை. வாய்மொழியின் ஏடுகளுக்கும் அம்மதிப்பு உரியது என்பதே இம்மதிப்பீட்டின் முடிபாகும்.